மறுபடி செஞ்சுக்கலாம்

2020 அக்டோபரில் ஒரு சாயங்காலம், தாண்டிக்குடி வீட்டின் பின்கட்டில் உட்கார்ந்துகொண்டு என் மடிக்கணினியிலிருந்து முப்பத்தெட்டு ஜிபி குப்பையை அழித்தேன். அம்மா கொண்டுவந்து வைத்த காபி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. ஒரே ஒரு கட்டளைதான். அது அழித்ததில் ஏறக்குறைய எல்லாமே குப்பை. அந்த ‘ஏறக்குறைய’வுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஊரடங்கு அறிவித்ததும் பெங்களூரிலிருந்து மலையேறி வந்தவன், அதற்குள் ஆறு மாதமாக அங்கேயே இருந்தேன். பகலில் அலுவலக வேலை. இரவில் அம்மாவும் நானும் அப்பாவின் மழை நோட்டுகளைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தோம். அப்பா காபியும் மலைவாழையும் போட்டிருந்தவர். 1971-லிருந்து 2009 வரை தினமும் காலையில் தோட்டத்து மழைமானியைப் பார்த்து, நீள நோட்டில் எழுதிவைத்திருந்தார். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிப்பாள்: “ஐப்பசி பத்து, ரெண்டு இஞ்ச் நாப்பது சென்ட். பதினொண்ணு, ஒண்ணுமில்ல. பன்னெண்டு, அறுபது சென்ட்.” நான் தட்டுவேன். நாட்டில் மில்லிமீட்டர் வந்து எத்தனையோ வருஷமாகியும் எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கு மழை இன்னமும் இஞ்சும் சென்டும்தான்.

இந்த நிலையில்தான் டிஸ்க் நிரம்பிவிட்டது என்று கம்பைலர் பாதியில் நின்றது. 256 ஜிபி இருந்த கணினியில் நான் கைப்பட எழுதிய நிரல்கள் எல்லாம் சேர்த்தாலும் சில எம்பி தேறாது. மீதி முழுக்க, அந்த நிரல்களிலிருந்து கணினி தனக்காகச் செய்து போட்டுக்கொண்டவை.

இந்தத் துறையில் இல்லாதவர்களுக்கு எங்கள் ஊர்க் காபியை வைத்துச் சொல்கிறேன். பழத்தைப் பறித்து, தோல் நீக்கி, ஊறவைத்துக் கழுவி, காயவைத்து, மேலோடு எடுத்து, வறுத்து, அரைத்தால் தூள். நடுவில் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பண்டம் இருக்கிறது. நிரலுக்கும் அப்படித்தான். மனிதர் எழுதிய மூலக் கோப்பைக் கம்பைலர் படித்து ‘டாட் ஓ’ என்று முடிகிற இடைக்கோப்பை எழுதும். பல டாட் ஓ-க்களை இணைத்தால் ஓடக்கூடிய நிரல் வரும். ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. காபியில் பழம் தூளாகிப் போய்விடும். கணினியில் தூள் வந்த பிறகும் பழம் கொடியாமல் அப்படியே இருக்கும். அதனால் நடுவில் கிடக்கும் பண்டங்களை எப்போது வேண்டுமானாலும் வாரிக் கொட்டலாம். தேவைப்பட்டால் மறுபடி செஞ்சுக்கலாம். இந்த நம்பிக்கையின் மேல்தான் யூனிக்ஸ் உலகத்தின் துப்புரவு மொத்தமும் நிற்கிறது. அது எப்படி உண்டானது என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும்.

1976. அமெரிக்காவின் பெல் ஆய்வகம். யாக் என்ற புகழ்பெற்ற கருவியை எழுதிய ஸ்டீவ் ஜான்சன் ஒருநாள் கோபமாக ஸ்டூவர்ட் ஃபெல்ட்மனின் அறைக்குள் நுழைகிறார். காலைப்பொழுது முழுக்க ஒரு நிரலில் பிழை தேடி வீணாக்கியிருந்தார். நிரலில் பிழையே இல்லை. அதை அவர் ஏற்கெனவே திருத்திவிட்டார். ஆனால் திருத்திய கோப்பை மறுபடி கம்பைல் செய்ய மறந்துவிட்டார். பழைய டாட் ஓ அப்படியே கிடந்தது, இணைப்பான் அதையே எடுத்துச் சேர்த்துக்கொண்டிருந்தது. முந்தைய நாள் மாலைதான் ஃபெல்ட்மனும் இதே மாதிரி ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்திருந்தார். அந்த வார இறுதியில் உட்கார்ந்து ஒரு சிறு கருவியை எழுதினார். பெயர் மேக்.

மேக் செய்வது மிக எளிமையான காரியம். எதிலிருந்து எது பிறக்கிறது என்று ஒரு கோப்பில் நாம் எழுதிவைக்க வேண்டும். குழந்தைக் கோப்பைவிடத் தாய்க்கோப்பின் தேதி புதிதாக இருந்தால், குழந்தையை மறுபடி செய்யும். அவ்வளவுதான். கட்டளை வரியின் தொடக்கத்தில் டேப் எழுத்துதான் இருக்க வேண்டும், வெற்றிடம் கூடாது என்ற பிரபலமான தொல்லையும் அந்த நாட்களில் வந்ததே. அதை மாற்றிவிடலாமா என்று ஃபெல்ட்மன் யோசித்தபோது ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு பேர் மேக்கைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்களாம், அவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாமென்று விட்டுவிட்டார். அந்தப் பன்னிரண்டு பேருக்காக நாங்கள் இன்னமும் டேப் அடித்துக்கொண்டிருக்கிறோம்.

ஆக, மேக் பிறந்ததே அழிக்காமல் விட்ட ஒரு மிச்சக் கோப்பினால்தான். இடத்தை அடைப்பது மிச்சத்தின் சின்னக் குற்றம். பெரிய குற்றம், பழையதாக இருந்துகொண்டு புதியது மாதிரி நடிப்பது.

மேக்கைப் பற்றி ஃபெல்ட்மன் எழுதிய கட்டுரையில் ஒரு மாதிரிக் கோப்பு உண்டு, மேக்கையே மேக் கொண்டு கட்டுவதற்கானது. அதில் ‘க்ளீன்அப்’ என்று ஒரு பகுதி, இரண்டே கட்டளை. முதலாவது எல்லா டாட் ஓ கோப்புகளையும், கூடவே ‘கிராம் டாட் சி’ என்ற ஒரு கோப்பையும் அழிக்கிறது. இரண்டாவது ‘டியூ’, அதாவது இப்போது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று அளக்கும் கட்டளை. கூட்டிப் பெருக்கிவிட்டு இடுப்பில் கைவைத்து ஒரு பார்வை பார்ப்போமே, அதுபோல. அப்போது பிடிபி-11 கணினிகளில் போட்ட ஆர்கே05 என்ற கழற்றக்கூடிய வட்டில் ஒன்றில் இரண்டரை எம்பிதான் கொள்ளும் என்பதை நினைத்தால் அந்தப் பார்வையின் அக்கறை புரியும்.

எனக்கு அந்தக் கிராம் டாட் சி மேல்தான் கண். சி என்று முடிவது மனிதர் எழுதும் மூலக் கோப்பு. பெயரை மட்டும் பார்த்தால் யாரும் அழிக்கத் துணியமாட்டார்கள். ஆனால் இந்த ஒன்று யாக் கருவி வேறொரு இலக்கணக் கோப்பிலிருந்து செய்து தந்தது. மூலம்போல் தோற்றமளிக்கும் வழிப்பொருள். அதனால்தான் அதைப் பேர் சொல்லி எழுத வேண்டியிருந்தது. எது குப்பை என்பது பெயரில் தெரியாது, கட்டியவருக்குத்தான் தெரியும் என்பது முதல் துப்புரவுப் பட்டியலிலேயே இருக்கிறது. நாற்பது வருஷம் கழித்து இதையே தலைகீழாக நான் கற்றுக்கொண்டேன்.

மேக் இல்லாத இடங்களில், அல்லது இருந்தும் யாரும் க்ளீன் பகுதி எழுதாத இடங்களில், கையால் அழிக்க வேண்டும். ஆர்எம் என்ற கட்டளை. நட்சத்திரக் குறி போட்டு ஒட்டினாற்போல டாட் ஓ என்று எழுதினால் எல்லா டாட் ஓ-வும் போகும். நட்சத்திரத்துக்கும் டாட்டுக்கும் நடுவில் கட்டைவிரல் தவறி ஒரு வெற்றிடம் விழுந்துவிட்டால் அங்கிருக்கும் எல்லாமே போகும், பிறகு ‘டாட் ஓ என்றொரு கோப்பு இல்லையே’ என்று சாவகாசமாகப் புகார் வரும். இந்த ஒரு வெற்றிடத்தால் அழுதவர்களின் கதை யூனிக்ஸ் உலகில் ஊருக்கு ஊர் உண்டு. 2011-ல் பம்பிள்பீ என்ற திறந்தமூல நிரலின் நிறுவல் எழுத்தில், யூஎஸ்ஆர் என்ற அடைவின் பெயருக்குப் பின்னால் இப்படித்தான் ஒரு வெற்றிடம் விழுந்தது. ஓர் உள்ளடைவை அழிக்க வேண்டிய வரி, யூஎஸ்ஆர் முழுவதையும் துடைத்தது.

குப்பை ஒரே அடைவில் இல்லாமல் நூறு அடைவுகளில் சிதறிக் கிடந்தால் ஃபைண்ட். ஒவ்வொரு அடைவாக இறங்கித் தேடி, கிடைத்ததை அழிக்கச் சொல்லலாம். பழைய முறையில் கிடைத்த ஒவ்வொரு கோப்புக்கும் ஆர்எம் ஒருமுறை புதிதாகப் பிறந்து, ஒரே ஒரு கோப்பை அழித்துவிட்டு இறந்துபோகும். பத்தாயிரம் கோப்புக்குப் பத்தாயிரம் பிறப்பு. ஒரு மூட்டைக் காபியை ஒவ்வொரு கொட்டையாகக் களத்துக்குத் தூக்கிக்கொண்டு போவது மாதிரி. கூடை வேண்டும் என்று வந்ததுதான் எக்ஸ்ஆர்க்ஸ். பெயர்களைக் கூடை நிறையச் சேர்த்து ஆர்எம்மிடம் ஒரே தடவையில் கொடுக்கும். வேகம் பல மடங்கு. ஆனால் பெயரில் வெற்றிடம் இருந்தால் அதையும் இரண்டு பெயராக எண்ணிக்கொள்ளும், மறுபடி அதே வெற்றிடப் பிசாசு. பெயர்களுக்கு நடுவே எந்தப் பெயரிலும் வரவே முடியாத பூஜ்ய எழுத்தைப் போட்டு அனுப்பும் வழி பிறகு வந்தது. கடைசியாக ஃபைண்டே நேரடியாக அழிக்கும் ‘டெலீட்’ என்ற விருப்பமும் வந்தது. இது வேகமானது. ஆனால் ஃபைண்ட் தன் வரியை இடமிருந்து வலமாக ஒவ்வொரு நிபந்தனையாகப் பார்த்துக்கொண்டே போகும். டெலீட்டைக் கடைசியில் எழுதாமல் முதலில் எழுதிவிட்டால், நிபந்தனைகளைப் பார்க்கும் முன்னரே எல்லாவற்றையும் அழித்துவிடும். இதைக் கையேட்டிலேயே எச்சரிக்கையாக எழுதி வைத்திருக்கிறார்கள். நான் எப்போதும் டெலீட்டுக்குப் பதில் ‘பிரிண்ட்’ போட்டு ஒருமுறை ஓட்டி, பட்டியலைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் மாற்றுவேன். எப்போதும் என்றால், அந்த அக்டோபர் மாலை தவிர.

மேக் க்ளீன் என்பது காலப்போக்கில் துப்புரவாக மட்டும் இருக்கவில்லை, சடங்காகவும் ஆனது. எங்கள் அலுவலகங்களில் ஏதாவது புரியாத பிழை வந்தால் முதல் வைத்தியம் ‘க்ளீன் போட்டுட்டு மறுபடி பில்டு பண்ணிப் பாருங்க’ என்பதுதான். பாதி நேரம் சரியாகியும் போகும். காரணம் மந்திரமில்லை. எதிலிருந்து எது பிறக்கிறது என்ற பட்டியலை நாங்கள் ஒழுங்காக எழுதியிருக்க மாட்டோம். ஒரு தாயின் பெயர் விட்டுப்போயிருக்கும், அவள் மாறினாலும் குழந்தை மாறாது. ஆஸ்திரேலியரான பீட்டர் மில்லர் 1998-ல் இதைப் பற்றி ஒரு நல்ல கட்டுரை எழுதினார். பெரிய நிரலைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி மேக் ஓட்டுவதால் எந்த மேக்குக்கும் முழுக் குடும்பமும் தெரிவதில்லை, ஆகவே மக்கள் மேக்கை நம்பாமல் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் தொடங்குகிறார்கள் என்பது அவர் வாதம். ஃபெல்ட்மன் எதைத் தவிர்க்க மேக் எழுதினாரோ அங்கேயே வந்து நின்றுவிட்டோம். இன்னொரு வேடிக்கை: அடைவில் ‘க்ளீன்’ என்ற பெயரிலேயே ஒரு கோப்பு இருந்துவிட்டால் பழைய மேக், ‘அது ஏற்கெனவே இருக்கிறதே’ என்று சொல்லி எதையும் அழிக்காது. க்ளீன் என்பது கோப்பில்லை, வெறும் பெயர் என்று தனியாக அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்புக்கு ‘ஃபோனி’, போலி என்று பெயர்.

எவ்வளவு சுத்தம் போதும் என்ற கேள்வியும் சீக்கிரமே வந்தது. க்னூ திட்டத்தினர் இதற்கு நாலு படி வைத்தார்கள். மோஸ்ட்லிக்ளீன் என்றால் ஓரளவு சுத்தம், மறுபடி செய்ய ரொம்ப நேரமெடுக்கும் பண்டங்களை விட்டுவைக்கும். அடுத்தது க்ளீன். அதற்கு மேல் டிஸ்ட்க்ளீன், உங்கள் கணினிக்காகச் செய்துகொண்ட அமைப்புகளும் போய், மூட்டையை முதலில் அவிழ்த்தபோது இருந்த நிலை வரும். கடைசிப் படி மெயின்டெய்னர் க்ளீன். அதை ஓட்டினால் முதலில் ஓர் எச்சரிக்கை வரும், இது பராமரிப்பவர்களுக்கானது, மறுபடி செய்யச் சிறப்புக் கருவிகள் தேவைப்படும் கோப்புகளை அழிக்கப்போகிறது என்று. லினக்ஸ் கெர்னலில் இதற்கு மிஸ்டர் ப்ராப்பர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், ஐரோப்பாவில் தரை துடைக்கும் திரவத்தின் பிராண்ட். மொட்டைத்தலைக்காரர் படம் போட்ட புட்டி. அது உங்கள் கான்ஃபிக் கோப்பையும் சேர்த்துத் துடைக்கும். மூன்று மணிநேரம் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியாக ஆம், இல்லை என்று தேர்ந்தெடுத்த கோப்பு அது.

இந்த நாலு படிகளை நான் மதிக்கிறேன். மறுபடி செஞ்சுக்கலாம் என்பது ஆம் இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல என்று ஒப்புக்கொண்டவர்கள் வைத்த படிகள் அவை. எவ்வளவு நேரத்தில், எந்தக் கருவியோடு, யார் செய்தால் என்று கூடவே கேட்க வேண்டும்.

ஃபெல்ட்மன் பிரின்ஸ்டனில் இளங்கலையில் படித்தது கணினி இல்லை, வானியற்பியல். இதை முதலில் தெரிந்துகொண்டபோது எனக்குக் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் நினைவுக்கு வந்தது. எங்கள் வீட்டிலிருந்து பண்ணைக்காடு, பெருமாள்மலை வழியாகப் போனால் இரண்டு மணிநேரம். பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது அப்பா கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார். அவருக்கு அதில் சொந்த அக்கறை. 1876-78 பெரும் பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பிறகு, சூரியனில் நடக்கும் மாற்றத்துக்கும் பருவமழைக்கும் சம்பந்தம் உண்டா என்ற கேள்வி அரசாங்கத்தை அரித்தது. அந்தக் கேள்வியும் சேர்ந்துதான் 1899-ல் சார்ல்ஸ் மிச்சி ஸ்மித் தலைமையில் இந்த ஆய்வகத்தை மலைக்குக் கொண்டுவந்தது. “மழைய எண்ணுறதுக்குச் சூரியனப் பாக்குறாங்க. நான் டப்பாவப் பாக்குறேன்” என்பார் அப்பா.

அங்கே 1904-லிருந்து சூரியனைத் தினமும் படமெடுத்து வருகிறார்கள், மேகம் விட்ட நாட்களில். வெள்ளொளியில் ஒன்று, கால்சியம் கே கோட்டின் ஒளியில் ஒன்று. 1912-லிருந்து ஹைட்ரஜன் ஆல்ஃபாவிலும். முதலில் கண்ணாடித் தட்டுகள், பிற்காலத்தில் ஃபிலிம். 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயு ஆரத்திசையில் வெளிநோக்கி ஓடுவதைக் கண்டுபிடித்தது இங்கேதான். இன்றும் அது எவர்ஷெட் விளைவு.

இந்தத் தட்டுகளை எண்ணியலாக்கிய கதையில் எனக்கு வேண்டிய விஷயம் இருக்கிறது. முதல் சுற்றில் குறைந்த தெளிவில், ஒவ்வொரு புள்ளிக்கும் 8 பிட் என்று ஏற்றினார்கள். அந்தக் காலத்துக் கருவிக்கும் டிஸ்குக்கும் அது போதுமானது, ஆய்வுக் கட்டுரைகளும் வந்தன. பிறகு நல்ல சிசிடி கேமராக்கள் வந்ததும், 4096-க்கு 4096 புள்ளி, 16 பிட் என்று முதலிலிருந்து மறுபடி ஏற்றினார்கள். ஒரு படம் கிட்டத்தட்ட 33 எம்பி. ஃபெல்ட்மன் காலத்து ஆர்கே05 வட்டில் பதின்மூன்று இருந்தாலும் ஒரே ஒரு நாளின் ஒரு சூரியனை வைக்க முடியாது. ஏற்றிய படத்திலிருந்து ஒளிச்சீரின்மையை நீக்கி, வட்டின் மையம் கண்டு, வடக்கு மேலே வரும்படி திருப்பி, அடுத்தடுத்த படிகளில் சீர்செய்த படங்களைச் செய்கிறார்கள். இவை எல்லாம் டாட் ஓ-க்கள். நாளை நல்ல கணக்கீட்டு முறை வந்தால் தூக்கிப்போட்டு மறுபடி செய்யலாம். முதல் சுற்று 8 பிட் படங்களும் டாட் ஓ-தான் என்பது இரண்டாம் சுற்றில் தெரிந்தது. ‘அதான் ஸ்கேன் பண்ணியாச்சே’ என்று யாராவது தட்டுகளைக் கடாசியிருந்தால் அந்த 8 பிட்டே மூலமாக உறைந்துபோயிருக்கும். 1910-ல் ஒரு செவ்வாய்க்கிழமை காலையின் சூரியனை யாரும் மறுபடி செய்துகொள்ள முடியாது.

இதெல்லாம் தெரிந்தவன்தான் நான்.

1976-ல் க்ளீன் போடுவது பத்திரமாக இருந்ததற்கு ஒரு காரணம், மறுபடி செய்ய வேண்டிய சாமான் எல்லாம் அதே கணினிக்குள் இருந்தது. இப்போது அப்படியில்லை. நோட் மாட்யூல்ஸ் என்ற அடைவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நாம் எழுதியது பத்துக் கோப்பு என்றால் அதற்குத் துணையாக இணையத்திலிருந்து இறங்கியது ஐம்பதாயிரம் கோப்பு. ஒரு நோட் மாட்யூல்ஸுக்குள் இன்னொன்று, அதற்குள் மற்றொன்று. எல்லாத் திட்டங்களிலும் தேடி அழிக்க ஃபைண்டில் ‘ப்ரூன்’ என்று சேர்த்துச் சொல்ல வேண்டும், கண்டதும் நில், உள்ளே இறங்காதே என்று. காபிச் செடியைக் கவாத்து பண்ணுவதற்கும் இங்கிலீஷில் அதே சொல்தான். கிளையை அடியில் வெட்டினால் இலையை எண்ணத் தேவையில்லை. ப்ரூன் இல்லாவிட்டால் அழிக்கப்போகிற அடைவின் ஒவ்வொரு மூலையையும் ஃபைண்ட் நின்று சுற்றிப்பார்த்துவிட்டு வரும். சிலர் வழி இதைவிட எளிமை, நானும் இப்போது அப்படித்தான். பிறப்பதெல்லாம் மூலத்துக்கு வெளியே தனி அடைவில் பிறக்கட்டும் என்று முதலிலேயே ஒதுக்கிவிட்டால் துப்புரவு என்பது அந்த ஓர் அடைவை நீக்குவதுதான். எதையும் தேடவேண்டியதில்லை.

ஆனால் அழித்த நோட் மாட்யூல்ஸ் மறுபடி வர இணையம் வேண்டும். 2016 மார்ச்சில் லெஃப்ட்பேட் என்ற பதினோரு வரித் துணுக்கை, அதை எழுதியவர் ஒரு பெயர்த் தகராறில் மனம்வெறுத்துப் பொதுக்களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டார். உலகம் முழுக்க எத்தனையோ பெரிய நிரல்கள் கட்ட முடியாமல் நின்றன. இன்னமும் துடைக்காத பழைய அடைவு வைத்திருந்தவர்களுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. தாண்டிக்குடியில் எங்களுக்கு மழை நாட்களில் தினமும் லெஃப்ட்பேட்தான். பலா மரத்தடியில் ஒரு குறிப்பிட்ட கல்லின் மேல் போனை வைத்தால் இரண்டு கோடு சிக்னல் வரும். பெங்களூரில் இரண்டு நிமிஷத்தில் மறுபடி செய்துகொள்ளக்கூடிய குப்பை, இங்கே இரண்டு இரவு.

அதனால்தான் அன்றைக்கு யோசித்து, நோட் மாட்யூல்ஸைத் தொடாமல் மற்றவற்றை மட்டும் அழிக்க கிட் க்ளீனை எடுத்தேன். கிட் என்பது மூலக் கோப்புகளின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து காக்கும் கருவி. எவற்றைக் காக்க வேண்டாம் என்று ‘கிட் இக்னோர்’ பட்டியலில் எழுதிவைப்போம், பெரும்பாலும் டாட் ஓ வகையறாக்கள். கிட் க்ளீனில் இரண்டு எக்ஸ் உண்டு. சின்ன எக்ஸ் போட்டால் கிட்டுக்குத் தெரியாத புதுக் கோப்புகளும் போகும், இக்னோர் பட்டியலில் உள்ளவையும் போகும். பெரிய எக்ஸ் போட்டால் இக்னோர் பட்டியலில் உள்ளவை மட்டும். பெரிய எக்ஸ்தான் பத்திரமானது என்று எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். வேண்டாம் என்று நாமே எழுதிவைத்தவைதானே போகப்போகின்றன? கட்டாய விருப்பம் கொடுக்காமல் கிட் அழிக்காது, அதையும் கொடுத்தேன். என்ன போகும் என்று முன்கூட்டிக் காட்டும் ‘என்’ விருப்பம் இருக்கிறது. அதைக் கொடுக்கவில்லை.

மழைக் கணக்குக்கு ஒரு சின்ன நிரல் எழுதியிருந்தேன். அது வருஷவாரியாக, மாதவாரியாகக் கூட்டி நிறைய சிஎஸ்வி கோப்புகளைத் துப்பும். அவை தொல்லையாக இருந்ததால் எல்லா சிஎஸ்வியையும் இக்னோர் பண்ணு என்று தொடக்கத்திலேயே ஒரு வரி போட்டிருந்தேன். நானும் அம்மாவும் ஆறு மாதமாக ஏற்றிய மூலக் கோப்பும் சிஎஸ்விதான். இக்னோர் பட்டியல் என்பது ‘பார்க்காதே’ என்று கிட்டுக்குச் சொல்வது. ‘மறுபடி செஞ்சுக்கலாம்’ என்று அதில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை, நான்தான் அப்படி வாசித்துக்கொண்டிருந்தேன். ஃபெல்ட்மனின் கிராம் டாட் சி மூலம் மாதிரித் தெரிந்த வழிப்பொருள். என்னுடையது வழிப்பொருள் மாதிரித் தெரிந்த மூலம்.

ராத்திரி சாப்பிட்டு முடித்து, அம்மா அடுத்த நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது.

பழைய சுழலும் டிஸ்காக இருந்திருந்தால் நம்பிக்கை உண்டு. அழிப்பது என்றால் பெயரை நீக்குவதுதான், மேலே வேறெதுவும் எழுதப்படும்வரை எழுத்து அங்கேயே கிடக்கும். எஸ்எஸ்டியில் ட்ரிம் என்று ஒன்று இருக்கிறது. இந்த இடமெல்லாம் இனி தேவையில்லை என்று இயங்குதளம் சொல்லிவிட்டால், டிஸ்க் தன் சௌகரியத்துக்கு அவற்றைத் துடைத்துவைத்துக்கொள்ளும். அதுவும் ஒரு துப்புரவு, சத்தமில்லாமல் நடப்பது. மூன்று நாள் மீட்புக் கருவிகளை ஓட்டிப் பார்த்தேன். எதுவும் வரவில்லை.

நோட்டுகள் இருக்கின்றனவே, மறுபடி ஏற்றலாம். ஏற்றினோம், பன்னிரண்டில் ஒன்பதை. 1974-லிருந்து 1982 வரைக்குமான மூன்று நோட்டுகள் கரையான் அரித்து, தொட்டால் உதிர்கிற நிலையில் இருந்தன. அவற்றைத்தான் முதலில் ஏற்றினோம், ஒவ்வொரு தாளாகப் பிரித்து, டார்ச் அடித்துப் பார்த்து. முடித்த அன்றைக்கு அம்மா கேட்டாள், “இத என்னடா செய்ய? மத்த நோட்டுக்கும் கரையான் பரவிரும் போலருக்கே.” நான் திரையைப் பார்த்துக்கொண்டே, “ஏத்தியாச்சும்மா, இனி அது வேணாம்” என்றேன். மழைக்காலம், விறகெல்லாம் ஈரம். மறுநாள் வெந்நீர் அடுப்பு சீக்கிரம் பற்றிக்கொண்டது.

மிஞ்சியது ஒரு படம். ஆகஸ்டில் வருஷவாரி மழையை நெடுங்கோடுகளாக வரைந்து கோயம்புத்தூரில் இருக்கும் அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். வாட்ஸ்அப் சுருக்கிய படம், கோடுகளின் ஓரமெல்லாம் மங்கல். அதைப் பெரிதாக்கி, ஒவ்வொரு கோட்டின் உயரத்தையும் பிக்சல் பிக்சலாக எண்ணினேன். ஒரு பிக்சலுக்கு இருபது சென்ட் வந்தது. ஒன்பது வருஷத்துக்கும் ஒன்பது எண்கள் கிடைத்தன. நாட்கள் கிடைக்கவில்லை. தூளிலிருந்து பழத்துக்குப் போக வழியில்லை.

ஒன்பதில் உயரமான கோடு 1977. அந்த நவம்பரில் நாகப்பட்டினம் பக்கம் கரையேறிய புயல் உள்ளே வந்தது. எங்கள் கீழ்ப்பழனி மலையில் பிறந்து கிழக்கே இறங்குகிற குடகனாற்றில், வேடசந்தூர் பக்கத்தில் புதிதாகக் கட்டியிருந்த அணை அந்த வருஷ வெள்ளத்தில்தான் உடைந்தது. மேலே மலையில் அன்றிரவு எவ்வளவு பெய்தது என்பது அப்பாவின் நோட்டில் ஒரு வரியாக இருந்தது. அதை நான் தட்டியிருக்கிறேன். என்ன எண் என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை, அம்மா வாசிக்க வாசிக்கக் கைதான் தட்டியது.

அம்மாவிடம் கேட்டேன். அவளுக்கு நோட்டு நினைவில்லை, ராத்திரி நினைவிருந்தது. மழைமானி வழிந்துவிடும் என்று அப்பா மூன்று தடவை எழுந்துபோய், அளந்து கொட்டிவிட்டு வந்தாராம். கோணிச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, அரிக்கேன் விளக்கோடு.

“ஒவ்வொரு தடவையும் எவ்வளவுன்னு சொன்னாராம்மா?”

“சொன்னாருடா. உள்ள வந்ததும் சத்தமாச் சொல்லிட்டுத்தான் எழுதுவாரு.” கொஞ்ச நேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நான் அரைத் தூக்கத்துல உம் கொட்டிட்டுத் திரும்பிப் படுத்துட்டேன்.”